பாய் நெய்த கைகள்: பல்லாவரத்து வணிகரும் பத்தமடை நெசவாளரும் பற்றிய இரு களஆய்வுகள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலை, தமிழகத்துத் துணி வணிக வரலாற்றின் ஊடாகவே செல்கிறது. கோவளத்தில் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்டெண்ட் கம்பெனியார் பண்டகசாலை வைத்திருந்தனர். மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால் சதுரங்கப்பட்டினம். அங்கே டச்சுக்காரரின் கோட்டையும் கல்லறைகளும் இன்றும் நிற்கின்றன. இவர்களையெல்லாம் இந்தக் கரைக்கு இழுத்து வந்தவற்றுள் முதன்மையானது, உள்நாட்டு ஊர்களின் தறிகளில் நெய்யப்பட்ட துணியே. கம்பெனிகளின் ஏடுகளில் தரகர்களுக்கும் பெருவணிகர்களுக்கும் பெயர் உண்டு. நெசவாளர் அவற்றில் முன்பணம் வாங்கிய கடனாளியாக, தறிகளின் எண்ணிக்கையாக, மொத்தத்தில் பெயரற்றவராகவே வருகிறார்.

பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியிட்ட நூலில் அதே வகை ஏடுகளை நெசவாளர் பக்கம் நின்று படித்தார். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் வலிமை தென்னிந்திய நெசவாளருக்கு இருந்ததையும், கம்பெனி ஆட்சி வலுப்பெற்றபின் அந்த வலிமை பறிபோனதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஏடு மாறவில்லை, கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து எழுந்தது என்பதுதான் மாறியது.

இந்த உண்மையை நம் சமூகத்தின் மீதும் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றை நாம் சொல்லும் முறை ஏறத்தாழ ஒரே வழித்தடத்தில் அமைந்துவிட்டது. அரபு நாடுகளோடு கொண்ட தொடர்பு, குதிரையும் முத்தும், மரக்கலங்கள், மரக்காயர் குடும்பங்களின் கொடை, உலமாக்களின் நூல்கள் என்று அது செல்லும். ஜெ. ராஜா முகமது 2004இல் வெளியிட்ட சோழமண்டலக் கடற்கரை முஸ்லிம்களின் கடல்சார் வரலாறு போன்ற உழைப்பு மிகுந்த ஆய்வுகள் இதற்கு வலுவான அடித்தளம் இட்டிருக்கின்றன. அந்த வரலாறு மெய்யானது, பெருமைப்படத் தக்கதும்கூட. ஆயினும் அது கப்பலில் ஏற்றியவரின் வரலாறு. கரையில் அமர்ந்து நெய்தவரும் முடைந்தவரும் தோல் பதனிட்டவரும் அதில் எங்கே இருக்கிறார்கள்? நாம் நெற்றி பதிக்கும் பாயை நெய்தவர் யார் என்ற கேள்விக்கு நம்முடைய நூல்களில் விடை தேடினால் மிகச் சில வரிகளே கிடைக்கும். அந்த விடை ஒரு மானிடவியலாளரின் நூலில் இருக்கிறது. அதை மதிப்பிடுவதற்கு முன், செங்கல்பட்டு மண்ணிலேயே நம்மைப் பற்றி நிகழ்ந்த வேறொரு களஆய்வை நினைவுகூர வேண்டும்.

பல்லாவரத்துக் கடைவீதி

அமெரிக்க மானிடவியலாளர் மேட்டிசன் மைன்ஸ் 1960களின் பிற்பகுதியில் பல்லாவரத்தில் தங்கிக் களஆய்வு செய்தார். அன்று அது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் நகரியம். சென்னையின் தென் விளிம்பு. தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற வட்டாரம். அந்த ஆய்வின் விளைவாக ‘முஸ்லிம் வணிகர்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவருடைய ஆங்கில நூல் 1972இல் புதுதில்லியில் வெளியாயிற்று. தமிழ் முஸ்லிம்களை முழுமையான இனவரைவியல் ஆய்வுக்கு உட்படுத்திய முன்னோடி நூல்களுள் அது ஒன்று. தொடர்ந்து அவர் எழுதிய கட்டுரைகளும் இன்றுவரை எடுத்தாளப்படுகின்றன.

மைன்ஸ் நமக்குச் செய்த நன்மைகள் இரண்டு. இந்திய முஸ்லிம்கள் என்றாலே வட இந்திய அஷ்ராஃப், அஜ்லாஃப் பாகுபாட்டை எங்கும் பொருத்திப் பார்த்த வழக்கத்தை அவர் மறுத்தார். பல்லாவரத்தில் கண்ட ராவுத்தர், லெப்பை, மரக்காயர், காயலர் என்னும் நான்கு பிரிவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட சாதிகள் அல்ல என்று அவர் வாதிட்டார். இரண்டாவதாக, சொந்த ஊரில் இயல்பாக முஸ்லிமாக வாழ்ந்தவர், பல்வேறு மக்கள் கலந்து வாழும் நகரத்துக்குக் குடிபெயர்ந்தபின் தம் சமய அடையாளத்தை மேலும் விழிப்போடு கடைப்பிடிப்பதை அவர் கவனித்தார். 1975இல் அவர் எழுதிய கட்டுரை இந்த இஸ்லாமியமயமாதலை நகர வாழ்வோடு இணைத்து விளக்கியது. இந்துச் சமூகத்தின் சமஸ்கிருதமயமாதலுக்கு அதை நிகராக்கும் எளிய விளக்கத்தை அது ஏற்கவில்லை.

இந்த முடிவுகள் எங்கிருந்து காணப்பட்டவை? கடைவீதியிலிருந்து. கடன், நம்பிக்கை, நற்பெயர், கூட்டு முதலீடு ஆகியவையே வணிகரை ஆராயப் புறப்பட்ட நூலின் பொருள். வணிகர் தமக்குள் ஒருவரையொருவர் சமமாக நடத்துவது வியப்பன்று. கடைக்காரரும் கடைக்காரரும் ஒரே வரிசையில் நின்று தொழுவதிலிருந்து சமூகம் முழுவதும் படிநிலையற்றது என்ற முடிவுக்குப் போக இயலுமா? பின்னாளில் திருநெல்வேலி வட்டாரத்து முஸ்லிம், இந்து வணிகரை ஒப்பிட்டு ஆராய்ந்த ஃபிராங்க் ஃபான்செலோ, 1996இல் வெளிவந்த தம் கட்டுரைக்குத் தமிழ் முஸ்லிம்களிடையே சாதி ‘கைவிடப்பட்டது’ பற்றியதாகவே தலைப்பிட்டார். இருவரும் நுட்பமானவர்கள். ஆனால் இருவரும் வணிகத்தின் வாசல் வழியாகவே நம் வீட்டுக்குள் வந்தனர். பின்கட்டில் நடந்த உழைப்பு அவர்களது கேள்விக்கு வெளியே நின்றது.

மைன்ஸ் பிற்காலத்தில் நெசவாளரிடம் போகாமலும் இல்லை. 1984இல் அவர் வெளியிட்ட அடுத்த பெருநூல் கைக்கோளர் எனப்படும் செங்குந்தரைப் பற்றியது. நெசவும் துணி வணிகமும் சார்ந்த மக்கள், வேளாண் சமூகத்தின் கிராமக் கட்டமைப்பிலிருந்து வேறுபட்டு, 72 நாடுகளாகத் தம்மை அமைத்துக்கொண்ட வரலாற்றை அது விரித்துரைக்கிறது. ஆக, ஒரே ஆய்வாளரின் இரு நூல்களில் முஸ்லிம் என்றால் வணிகர், நெசவாளர் என்றால் இந்து என்ற பங்கீடு தானாகவே விழுந்துவிட்டது. இது அவர் வேண்டுமென்று செய்ததன்று. இரண்டும் தனித்தனிக் கேள்விகளோடு எழுந்த நூல்கள். இருப்பினும் அந்தப் பங்கீட்டைப் பலர் உண்மையென்றே எடுத்துக்கொண்டனர். நாமும் எடுத்துக்கொண்டோம்.

தறியின் அருகே

சௌம்யா வெங்கடேசன் 2009இல் வெளியிட்ட நூல் அந்தப் பங்கீட்டை உடைக்கிறது. கைவினைஞர், வளர்ச்சி, இந்திய தேசம் ஆகிய மூன்று சொற்களும் அதன் துணைத்தலைப்பில் உள்ளன. திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் லெப்பை முஸ்லிம்களிடையே நெடுநாள் தங்கி அவர் செய்த களஆய்வே அதன் அடிப்படை.

பத்தமடைப் பாயைப் பற்றி நாமெல்லாம் அறிந்திருக்கிறோம். அது எப்படி உருவாகிறது என்பதை அறிந்தவர் குறைவு. பச்சைக் கோரையை மெல்லிய ஈர்க்குகளாகக் கிழித்துக் காயவைப்பார்கள். நயமான பாய்க்கு உரிய கோரையைத் தாமிரபரணியின் ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, சாயமேற்றுவார்கள். பாவுக்குப் பருத்தி நூலோ பட்டு நூலோ பூட்டுவார்கள். தறி தரையோடு தரையாகக் கிடக்கும். ஒருவர் நீண்ட குச்சியால் கோரையை ஊடையாகச் செலுத்த, மற்றவர் அச்சை இழுத்து அதை நெருக்குவார். நயமான ஒரு பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். அதைத் துணிபோல மடித்துவிடலாம். இந்த வேலையைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். வீட்டு வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் அவர்கள் நெய்கிறார்கள். திருமணத்துக்கென நெய்யும் பாயில் மணமக்களின் பெயர்களைக் கோரையிலேயே எழுத்தாக்குவதும் உண்டு. இந்து இல்லங்களும் முஸ்லிம் இல்லங்களும் இதனை வாங்குகின்றன. வாங்குபவர் பெயர் பாயில் இடம்பெறுகிறது. நெய்தவர் பெயருக்கு அங்கே இடமில்லை.

வெங்கடேசன் இதை அருகிருந்து பார்த்துக் குறித்துக்கொண்டதோடு நிற்கவில்லை. தாமே தறியில் அமர்ந்து நெய்யக் கற்றார். 2010இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வியாக முடிகிறது: நெய்வதைக் கற்கிறோம், நெய்வதன் வழியே கற்பது எதனை? களஆய்வு முறை பற்றிய முக்கியமான கேள்வி இது. தறியின் முன் அமர்ந்தவருக்கு முதுகும் விரலும் சொல்லித்தருபவை வேறு. திண்ணையில் அமர்ந்து கேட்டறிபவை வேறு. அதே வேளையில், ஆய்வாளர் நெய்யக் கற்பதற்கும் பத்தமடைச் சிறுமி நெய்யக் கற்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னவருக்கு அது அறிவுத் தேடல். அவர் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். பின்னவருக்கு அது வீட்டின் வருமானம். தறியைத் தொட்டதனாலேயே நெசவாளரின் வாழ்வைத் தொட்டுவிட்டதாக எண்ணக்கூடாது என்னும் எச்சரிக்கையை அந்தக் கேள்விக்குறியிலேயே படிக்கலாம்.

நூலின் நடுப்பொருள் ‘பாரம்பரியக் கைவினை’ என்னும் சொற்றொடர். அது தொன்றுதொட்டு அப்படியே வந்த இயற்கைப் பொருளன்று. விடுதலை இயக்கத்தின் சுதேசிச் சிந்தனை, 1952இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியம், கமலாதேவி சட்டோபாத்யாய போன்ற முன்னோடிகள், பின்னர் வந்த தன்னார்வ அமைப்புகள் ஆகியவை சேர்ந்து அந்த மதிப்பை உருவாக்கின. பத்தமடை லெப்பைகள் அந்த உலகத்துக்குள் அழைக்கப்பட்டபோது, வயிற்றுப்பாட்டுக்காகச் செய்துவந்த வேலை தேசத்தின் சொத்தாயிற்று. 1953இல் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டுக்குப் பத்தமடைப் பாய் பரிசாகச் சென்ற செய்தி இன்றும் பெருமையோடு சொல்லப்படுகிறது. பின்னர் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவற்றால் பாயின் மதிப்பு உயர்ந்தது. நெய்பவரின் மதிப்பு அதே அளவில் உயர்ந்ததா என்பதே வெங்கடேசனின் உசாவல்.

இவ்விடத்தில் அவர் தொடும் இன்னொரு சொல் ‘சமூகம்’. 2006இல் வெளியான கட்டுரையின் தலைப்பில் கைவினைச் சமூகம் என்பதை அவர் மேற்கோள் குறிகளுக்குள் இட்டார். வெளியிலிருந்து உதவ வருவோர் நெசவாளரை ஒற்றுமையான ஒரு குழுவாகக் கற்பனை செய்துகொண்டு திட்டம் தீட்டுகிறார்கள். உள்ளேயோ போட்டி உண்டு. கடன் கொடுத்தவர், கோரை வாங்கித் தருபவர், விற்பவர், வெறும் கூலிக்கு நெய்பவர் என்ற வேறுபாடுகள் உண்டு. அதிகாரிகளோடு பேசத் தெரிந்த ஒருவர் எல்லார்க்கும் பேச்சாளர் ஆகிவிடுகிறார். உதவி வந்து சேரும்போது உள்ளூரின் அதிகாரச் சமநிலை இடம்பெயர்கிறது. ‘நம் சமுதாயம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நமக்கும் இது பொருந்தும் பாடம்.

எந்தத் துறையின் கணக்கில்?

அரசின் வகைப்பாட்டையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். நடுவண் அரசின் ஜவுளி அமைச்சகத்தில் கைத்தறிக்கு ஓர் ஆணையர், கைவினைக்கு வேறோர் ஆணையர். தமிழகத்திலும் கைத்தறித் துணிக்குக் கோ-ஆப்டெக்ஸ், கைவினைப் பொருளுக்குப் பூம்புகார். பாவும் ஊடையும் அச்சும் தறியும் இருந்தும், பாய் நெய்பவர் இந்தக் கணக்கில் ‘நெசவாளர்’ ஆகார், ‘கைவினைஞர்’ ஆவார். 2019-20ஆம் ஆண்டின் நான்காம் கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் ஏறத்தாழ 35 லட்சம் கைத்தறித் தொழிலாளரைக் கண்டது. அவர்களுள் 72 விழுக்காட்டினர் பெண்கள். கோரையில் நெய்யும் பெண்ணுக்கு அந்த எண்ணிக்கையில் இடமில்லை. நெசவாளர் என்ற சொல்லோடு வரும் கோரிக்கை மரபு கைவினைஞர் என்ற சொல்லோடு வருவதில்லை. அதனோடு வருவது கண்காட்சி.

கண்காட்சியின் மேன்மையான வடிவத்தைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1984இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், டெபோரா தியாகராஜனின் முயற்சியால், மாமல்லபுரம் செல்லும் சாலையில் முட்டுக்காட்டில் 1996 டிசம்பரில் தட்சிணசித்ராவைத் திறந்தது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் சிந்தனை அதன் அமைப்பில் உண்டு. தென்மாநிலங்களின் பழைய வீடுகள் அங்கே மீண்டும் எழுப்பப்பட்டிருக்கின்றன. அவற்றுள் காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடும் ஒன்று. அழிந்துபோயிருக்கக்கூடிய வீடுகளைக் காத்த அந்தப் பணி பாராட்டத்தக்கது. எனினும் எந்த அருங்காட்சியகமும் தன் வகையினால் ஒரு வரம்புக்கு உட்பட்டது. வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவரலாம். அந்த வீட்டின் கடனையும் உறவையும் பகையையும் பெயர்த்துக் கொண்டுவர இயலாது. அங்கே தறியைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர் நெசவைப் பார்த்திருப்பார்; நெசவாளர் வீட்டில் மாதக் கடைசியில் நிகழும் பேச்சைக் கேட்டிருக்க மாட்டார். களஆய்வின் தேவை அங்கேதான் தொடங்குகிறது.

காஞ்சிபுரத்துக்கு அந்தப் பேறு வாய்த்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அந்நகரின் பட்டு நெசவுக் கூட்டுறவுகளை இவோன் ஆர்ட்டர்பர்ன் 1982இல் வெளியான நூலில் ஆராய்ந்தார். ஆர்த்தி கவ்ல்ரா 2018இல் வெளியிட்ட நூல் பத்மசாலியர் தம் நெசவையும் குலமரபுக் கதையையும் கொண்டு எவ்வாறு தம்மை ஒரு சமூகமாகத் திரட்டிக்கொள்கின்றனர் என்பதைக் காட்டுகிறது. தாமரைத் தண்டின் நூலால் நெய்தவர் என்னும் நினைவு அவர்களுக்கு ஒரு மூலதனம். வட இந்திய முஸ்லிம் நெசவாளரும் அத்தகைய மூலதனத்தைத் தேடிக்கொண்டனர். ஜுலாஹா என்று இழித்துரைக்கப்பட்டவர்கள், மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை வரவேற்று ஆதரித்த அன்ஸாரிகளின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். தீபக் மேத்தா உத்தரப்பிரதேசத்தின் பாராபங்கி வட்டாரத்தில் அவர்களிடையே களஆய்வு செய்து 1997இல் எழுதிய நூல், தறியில் அமரும்போது ஓதும் துஆக்களையும், முதல் தறியை ஆதம் (அலை) அவர்களின் காலத்தோடு இணைத்துச் சொல்லும் அவர்களது ஏட்டையும் விவரிக்கிறது. அன்ஸாரி என்னும் அதே பெயர் தாங்கிய தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் தர்கா நம் கோவளத்தில் இருக்கிறது. பல்லாயிரவர் அங்கே செல்கின்றனர். ஆனால் தமிழகத்தில் அந்தப் பெயருக்கும் தறிக்கும் இடையே யாரும் நூல் பூட்டவில்லை. இங்கே பாய் நெய்பவருக்குத் தொழில் சார்ந்த தனிப்பெயரும் இல்லை, ஏடும் இல்லை. லெப்பை என்ற பொதுப்பெயருக்குள் அவர் கரைந்துவிட்டார். மைன்ஸ் கண்ட படிநிலையின்மைக்கு இது மறுபக்கமோ என்று எண்ணத் தோன்றுகிறது: இழிபெயர் இல்லை என்பது நன்மையே, அதனால் பெயரே இல்லாமற் போனது இழப்பு.

நம் நூல்களின் சாட்சியம்

இந்த மறதிக்கு மானிடவியலாளரை மட்டும் பொறுப்பாக்குவது நேர்மையாகாது. நம் மரபிலேயே இரு குரல்கள் உண்டு. திருமணப் பொருத்தமாகிய கஃபாஅத் பற்றிப் பேசும் ஹனஃபி சட்ட நூல்களில், நெசவாளரும் தோல் பதனிடுவோரும் துணி வணிகருக்கும் நறுமண வணிகருக்கும் நாணயமாற்று வணிகருக்கும் ஈடானவர் அல்லர் என்னும் கருத்து இடம்பெற்றிருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீயின் மின்ஹாஜ், தையற்காரரை வணிகரின் மகளுக்கு ஈடாகக் கொள்ளவில்லை. துணியை நெய்தவரும் தைத்தவரும் கீழே. அதை விற்றவர் மேலே. ராபர்ட் புருன்ஷ்விக் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1962இல் இஸ்லாமிய உலகில் தாழ்வாகக் கருதப்பட்ட தொழில்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இத்தகைய சான்றுகளைத் திரட்டித் தந்தார். இவை அவ்வக் காலத்து ஊர்வழக்கைச் சட்டம் பதிவுசெய்தவை என்று அறிஞர் விளக்குவர். ஹஸன் பஸரீ, சுஃப்யான் ஸவ்ரீ, ஹனஃபிகளிலேயே இமாம் கர்கீ ஆகியோர் இவ்வகைப் பொருத்தத்தை நிபந்தனையாக ஏற்கவில்லை என்பதும் பதிவாகியுள்ளது. ஆயினும் வழக்கில் வென்றது எந்தக் குரல் என்பதை நம் ஊர்களின் திருமணப் பேச்சுகளில் கேட்கலாம்.

மறு குரல் இன்னும் மூத்தது. புகாரீயில் இடம்பெறும் ஒரு செய்தியில், ஒரு பெண்மணி தம் கையால் நெய்த போர்வையொன்றை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டுவருகிறார்; தாமே நெய்தது என்று சொல்லியே அதைக் கொடுக்கிறார். அண்ணலார் அதை ஏற்று உடுத்துகிறார்கள். நெய்தவர் தம் உழைப்பைத் தம் வாயால் உரைக்கும் அரிய காட்சி அது. அனஸ் (ரலி) அவர்களின் இல்லத்தில், நெடுங்காலம் புழங்கிக் கறுத்துப்போன ஒரு பாயின்மேல் அனஸ் நீர் தெளிக்க, நபியவர்கள் அதில் தொழுவித்ததும், பின்னால் ஒரு மூதாட்டி நின்று தொழுததும் நாம் நன்கறிந்த செய்தி. பேரீச்ச ஓலையால் முடைந்த சிறு பாயின்மீது அவர்கள் தொழுததையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. நூற்றாண்டுகள் பின்னர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் நெசவையும் தையலையும் மனித நாகரிகத்துக்கு இன்றியமையாத தொழில்களாக வைத்துத் தனிப் பகுதியே எழுதினார். கைகளின் உழைப்பை மதிக்கும் சான்றுகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அவற்றைப் பத்தமடைக்கும் வந்தவாசிக்கும் கொண்டுபோகும் வேலைதான் நடக்கவில்லை.

நூலின் எல்லையும் நம் கடனும்

வெங்கடேசனின் நூலுக்கும் எல்லை உண்டு. துணைத்தலைப்பின் மூன்று சொற்களும் பாயைச் சந்தைக்கும் அரசுக்கும் தேசத்துக்கும் இடையே வைத்துப் பேசுகின்றன. அது அவர் தேர்ந்துகொண்ட கேள்வி. அதற்கு அவர் நிறைவாகவே விடை தருகிறார். ஆனால் முஸ்லிம் வாசகனுக்கு வேறு சில கேள்விகள் எழுகின்றன. பள்ளிவாசலின் வரிசைப் பாயை யார் நெய்தார்? எந்த ஊர் ஜமாஅத் எங்கிருந்து வாங்கியது? ஜனாஸாவைச் சுற்றும் பாய்க்கும் மணவறைப் பாய்க்கும் நெய்பவர் மனத்தில் வேறுபாடு உண்டா? கோரைப்பாயின் இடத்தில் பிளாஸ்டிக் பாயும் ஆலைகளில் நெய்த கம்பளமும் விரிந்தபோது நெய்தவர் வீட்டில் என்ன நிகழ்ந்தது? இவற்றைக் கேட்க வேண்டியவர் வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் அல்லர்.

செங்கல்பட்டு மாவட்டத்தை ஒட்டிய வந்தவாசி, கோரைப்பாய் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கும் அத்தொழிலில் முஸ்லிம்கள் கணிசமாக ஈடுபட்டுள்ளனர். கைத்தறியோடு விசைத்தறியும் வந்துவிட்டது. பத்தமடைப் பாய்க்குக் கிடைத்த அரசியின் கதை வந்தவாசிப் பாய்க்கு இல்லை. அது அன்றாடம் படுக்கும் பாய், விலை குறைந்தது, கண்காட்சிக்கு ஏற்றதன்று. நயமானதும் அரியதுமே ‘பாரம்பரியம்’ என்ற பெயருக்குத் தகுதிபெறும் என்றால், பெரும்பாலான உழைப்பு அந்தச் சொல்லுக்கு வெளியிலேயே கிடக்கும். பத்தமடையை ஆராய்ந்த நூல் எழுப்பிய கேள்விகளை வந்தவாசியில் கேட்டுப் பார்த்தால் அவற்றின் வலிமையும் போதாமையும் ஒருங்கே வெளிப்படும்.

அதற்கு நம்மிடையே ஆள் இல்லாமல் இல்லை. கல்லூரிகளில் தமிழும் வரலாறும் சமூகவியலும் பயிலும் முஸ்லிம் மாணவியர் இன்று ஏராளம். அவர்களுள் சிலருடைய பாட்டிமார் பாய் நெய்தவராக இருக்கக்கூடும். நெசவை விட்டு வெளியேறியதே முன்னேற்றம் என்று கருதும் குடும்பத்தில் அந்தப் பாட்டியின் தொழிலைப் பற்றிப் பேச ஒரு கூச்சம் இருக்கும். அந்தக் கூச்சம் புரிந்துகொள்ளத் தக்கது. வறுமையை யாரும் பாரம்பரியம் என்று போற்ற வேண்டியதில்லை. பிள்ளைகள் தறியைவிட்டு எழுந்து படிக்கப் போனதற்காக வருந்துவோர், அந்தத் தறியில் அமர்ந்து பிழைக்க நேராதவர்கள். நாம் கேட்பது தொழிலைத் தொடருமாறு அன்று, நினைவை எழுதுமாறு. கோரை எங்கே அறுத்தார்கள், யாரிடம் கடன் வாங்கினார்கள், ஒரு பாய்க்கு என்ன கிடைத்தது, தறியில் அமர்ந்து என்ன பேசிக்கொண்டார்கள், எந்த வக்துக்கு எழுந்தார்கள் என்பவை அந்தத் தலைமுறையோடு மறைந்துகொண்டிருக்கின்றன.

மைன்ஸ் கடைவீதியில் நின்றார்; வணிகர் தெரிந்தனர். வெங்கடேசன் தறியருகே அமர்ந்தார்; நெய்யும் பெண்கள் தெரிந்தனர். இருவருக்கும் நாம் நன்றியுடையோம். நமக்கு நாமே எழுதிக்கொண்ட வரலாறோ பெரும்பாலும் கப்பலின் மேல்தளத்திலிருந்து எழுதப்பட்டது. இனி எழுதப்போகும் வரலாற்றாசிரியர் ஏதேனும் ஒரு சிற்றூரின் வீட்டுக்குள், தரையோடு கிடக்கும் தறியின் அருகே, அந்தப் பாட்டியின் அனுமதியோடு சற்று நேரம் அமர வேண்டும். அவர் முதலில் கேட்டு எழுத வேண்டியது அவருடைய பெயரை.